தாங்கல் எந்தப் பக்கம்?

பழைய படங்களோடு வேலை செய்ய வந்திருக்கிறீர்கள். வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலை ஆளை உட்காரவிடாது. ஏசி அறை, ஸ்கேனர், சாய்வு நாற்காலி என்று நம்பி வந்தவர் யாராவது இருந்தால் இப்போதே வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டுவிடுங்கள். ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கும் எனக்கே இன்னும் அந்தப் பித்தம் தெளியவில்லை. பல் டாக்டரின் வரவேற்பறையில் பழைய படம் ஒன்று தொங்கினால் போதும், என் டோக்கனைக் கூப்பிடுவது காதில் விழாது. அந்தப் படத்துக்கு முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருப்பேன்.

படத்தை எப்படித் துடைப்பது, எப்படி எண்ணிட்டு வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைச் சொல்லி உங்கள் உயிரை வாங்கப்போவதில்லை. திருவண்ணாமலையில் நான் பொறுப்பேற்று நடத்திய ஒரு கண்காட்சியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் மாட்டியிருந்த ஒரு படத்தின் மேல் ஒரு பெண் தன் வீட்டையே பணயம் வைத்தாள். அதில் என் பங்கு என்ன என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஊர் வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஒரு குழு அமைத்திருந்தார்கள். கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் கூடும் நேரம் பார்த்து ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து, ஊரின் பழைய படங்களை மாட்டலாம் என்று முடிவு. தேடித் திரட்டி, பெரிதாக்கி, விளக்கம் எழுதி மாட்டும் வேலை என்னிடம் வந்தது. நான் கீழ்பென்னாத்தூர்க்காரி. அண்ணாமலையைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவள். எனக்குத் தெரியாத மலையா என்ற திமிர் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது.

ஒரு சுவரில் வெள்ளைக்கார ஓவியர்கள் வரைந்து, மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த சித்திரங்கள். அதில் ஒன்றில் நம் மலை, கோயிலில் தரும் பட்டைச் சோற்றைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். கோபுரத்தில் கலசத்துக்குப் பதில் கொடி பறக்கும். செதுக்கியவன் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கவே மாட்டான். அடுத்த சுவரில் பழைய பத்திரிகைகளின் கேலிச்சித்திரங்கள். பஞ்ச காலத்துப் படம் ஒன்றில், வரி வசூலிக்க வந்தவரின் தொப்பை குடிசை வாசலில் சிக்கிக்கொண்டிருக்கும். உள்ளேயிருக்கும் எலும்புக்கூட்டுக் குடும்பம் அவரை வரவேற்கும்: "முழுசா உள்ள வந்துடுங்க சாமி, சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னுதான் யோசிச்சிட்டிருந்தோம்." அந்தப் படத்துக்கு முன்னால் மட்டும் எப்போதும் சிரிப்புச் சத்தம். மூன்றாவது சுவரில் புகைப்படங்கள். அங்கே யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் நம்பினார்கள்.

கேலிச்சித்திரம் மிகைப்படுத்துகிறேன் என்று சொல்லிவிட்டே மிகைப்படுத்தும். சித்திரத்தைப் பார்த்தால் வரைந்தவன் கை தெரியும். புகைப்படம் மட்டும் வாயைத் திறக்காமல் நிற்கும். அதனாலேயே அதைக் கோர்ட்டுச் சாட்சி மாதிரி நம்பிவிடுகிறோம்.

மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு புகைப்படத்தை நிறுத்தியிருந்தேன். பின்னால் மலை. முன்னால் நட்டநடுவே ஒரு சுமைதாங்கிக் கல். தலைச்சுமையோடு நடப்பவர்கள் பிறர் உதவியில்லாமல் மூட்டையை இறக்கி வைக்க, இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைக் கிடத்தியிருப்பார்களே, அதுதான். கல்லுக்கு இடப்பக்கம் தளும்ப நிறைந்த ஒரு தாங்கல். எங்கள் பக்கத்தில் சின்ன ஏரியைத் தாங்கல் என்போம். அதிலிருந்து குடத்தோடு கரையேறி வரும் பெண்கள். கல்லுக்கு வலப்பக்கம் காய்ந்த மேட்டு நிலம். அதில் மெல்லிய கோடாக ஒரு வண்டித் தடம். வெளிநாட்டில் அச்சான பழைய ஆல்பம் ஒன்றிலிருந்து எடுத்த படம். அழகு என்றால் அப்படி ஒரு அழகு.

எங்கே எடுத்தது என்று மட்டும் ஆல்பத்தில் இல்லை. வந்தவர்கள் ஆளுக்கொரு இடம் சொன்னார்கள்.

"இது வேங்கிக்கால் பக்கத்துலேர்ந்து பார்த்தா தெரியற மலைங்க" என்றார் ஒருவர்.

"போங்க, நான் மாசாமாசம் சுத்தி வரேன். இது மேற்கால திரும்பனதும் தெரியற மலை" என்றார் இன்னொருவர்.

எங்கள் ஊர்க்காரர்களின் குணம் இது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றி நடப்பவர்கள். நடக்க நடக்க மலை முகம் மாறிக்கொண்டே வரும் என்பது அவர்கள் கால் படித்த பாடம். அதனால் தெரியாத முகம் ஒன்று கண்ணில் பட்டால், படத்தில் தப்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. இது எந்த வளைவு என்றுதான் யோசிப்பார்கள். ஒரே முகமுள்ள மலை நிற்கும் ஊராக இருந்தால் அந்தப் படம் முதல் நாளே அகப்பட்டிருக்கும். நானும் இந்த மண்தானே, எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் கௌரி வந்தாள். ஊரில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். யூனிஃபார்ம் புடவையோடு, வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாள். வாசல் படத்தைக் கண்டதும் கையிலிருந்த சாப்பாட்டுப் பையைத் தரையில் வைத்துவிட்டாள்.

"மேடம், இது எங்க தெரு முனையில இருக்கற சுமதாங்கி. மேல் கல்லுல நடுவுல விரிசல் பாருங்க. இன்னிக்கும் அப்படியேதான் கெடக்குது."

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெனம் அதும்மேல பைய வெச்சிட்டுத்தான் ஷேர் ஆட்டோவுக்கு நிப்பேன். எனக்குத் தெரியாதா?"

பிறகு மூச்சுவிடாமல் சொன்னாள். கல்லருகே மலையைப் பார்த்து நின்றால் அவர்கள் தெரு வலப்பக்கம். அந்தத் தெரு இருக்கும் இடம் ஒரு காலத்தில் தாங்கல், அதனால் காலி செய்யவேண்டும் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. திங்கட்கிழமை விசாரணை.

"நீங்களே பாருங்க மேடம். படத்துல தாங்கல் கல்லுக்கு இந்தப் பக்கம் இருக்குது. எங்க தெரு அந்தப் பக்கம், காஞ்ச தரை. எங்க மாமனாரு மேஸ்திரி வேல செஞ்சி, செங்கல் செங்கல்லா சேத்துக் கட்டன வீடு. அத வுட்டா எங்களுக்குப் போக்கிடம் இல்ல. இது ஒரிஜினல் போட்டோதான்னு எழுதிக் கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க."

"சாயந்திரம் வாம்மா, எழுதித் தரேன்" என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். ஒரு பழைய படம் ஒரு தெருவையே காப்பாற்றப் போகிறது என்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மதியத்துக்கு முன் குழுவின் தலைவர் வந்தார். கனமான மனிதர், மென்மையான குரல். கல்லுக்கு இடப்பக்கம் மனைப்பிரிவு போட்டு விற்றுக்கொண்டிருப்பவர் அவர்தான் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"மேடம், வாசல்ல இருக்கற படத்த எடுத்துடலாம். தேர் படம் ஏதாவது வெச்சா பக்தியா இருக்கும்."

"ஏங்க, இதுல என்ன கொறை?"

"கொறைன்னு இல்ல. தாங்கல் கீங்கல்னு ஊர்ல கண்டபடி பேச்சு வருது. மனை வாங்கனவங்க காலைலேர்ந்து ஃபோன் மேல ஃபோன். எதுக்கு வம்பு?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "படம் இறங்காதுங்க. அது இறங்கினா எல்லாப் படமும் இறங்கும், நானும் பெட்டியக் கட்டிடுவேன்" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். வந்திருந்தவர்களில் இரண்டு பேர் கைதட்டினார்கள். தலைவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

சாப்பிட்டுவிட்டுக் கௌரிக்குத் தரவேண்டியதை எழுத உட்கார்ந்தேன். கையெழுத்துப் போடும் முன் படத்தை இன்னொருமுறை பார்க்கலாம் என்று பூதக்கண்ணாடியோடு வாசலுக்குப் போனேன். கரையேறும் பெண்களின் முந்தானை வலத்தோளில் கிடந்தது. அது எனக்கு முன்பே தெரியும். பழைய நாளில் சிலரிடம் அந்த வழக்கம் உண்டு என்பதால் கண்டும் காணாமல் விட்டிருந்தேன். இப்போது குடத்தைப் பார்த்தேன். முதல் பெண்ணுக்குக் குடம் வலது இடுப்பில். சரி, இடதுகைக்காரி. அடுத்தவளுக்கும் வலது இடுப்பு. அதற்கடுத்தவளுக்கும். குழந்தையை இடுக்கிக்கொண்டு வந்தவளுக்குக் குழந்தையும் வலது இடுப்பில்.

ஊர்ப் பெண்கள் அத்தனை பேருமா இடதுகைக்காரர்கள்? வலக்கை வீசி நடக்கத்தானே குடம் இடுப்பின் இடப்பக்கம் ஏறுகிறது? மூலப்படத்தின் கண்ணாடித் தகடு, அதாவது அந்தக் காலத்து நெகடிவ், சென்னையில் ஒரு சேகரிப்பாளரிடம் இருப்பது தெரியும். அவருக்கு ஃபோன் போட்டேன். மண்டப வாசலுக்கும் தெருவுக்கும் நடந்தபடி காத்திருந்தேன். ஒரு டீ வாங்கி, குடிக்காமலே ஆறவைத்தேன். கடைசியில் தகட்டின் படம் ஃபோனில் வந்தது. ஆல்பக்காரர்கள் வெட்டிவிட்டிருந்த மூலையில், படம் எடுத்தவன் கையால் கீறிய எழுத்துகள் நேராகப் படிக்கும்படி இருந்தன. தாங்கல் வலப்பக்கம் இருந்தது. ஆல்பத்தில் தகட்டைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிட்டார்கள். நானும் அதையே ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி வாசலில் வைத்திருக்கிறேன். சுமைதாங்கிக் கல்லுக்கு இடம் வலம் கிடையாது. மலைக்கோ எங்கள் ஊரில் ஆயிரம் முகம். காட்டிக்கொடுக்க யார் இருந்தார்கள்?

இப்போது யோசியுங்கள். காலையில் எல்லார் முன்னிலும் படம் இறங்காது என்று கத்தியவள், மாலையில் அதே படத்தை இறக்கினால் ஊர் என்ன பேசும்? உண்மையைச் சொன்னால் தலைவருக்குக் கொண்டாட்டம், கௌரிக்கு வீடு போகும். சொல்லாவிட்டால் ஒரு பொய்க்கு நான் கையெழுத்துப் போட்டவளாவேன். இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மாவா சொன்னார்கள். நழுவ ஒரு சந்தும் கண்ணில் பட்டது. விளக்கத்தில் 'இடம் உறுதி செய்யப்படவில்லை' என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, கையெழுத்து விதிப்படி முடியாது என்று சொல்லிவிடலாம். நம் தொழிலில் பல பேர் ஒளிந்துகொள்ளும் வரி அது. தெரியாதபோது எழுதினால் நேர்மை. தெரிந்த பிறகு எழுதினால் அயோக்கியத்தனம்.

ஆட்டோ பிடித்து நேரே அந்தக் கல்லுக்குப் போனேன். ஃபோனில் சரியான படத்தை வைத்துக்கொண்டு மலையைப் பார்த்து நின்றேன். மலை அச்சாகப் பொருந்தியது. வலப்பக்கம் கௌரியின் தெரு. வாசலில் துணி காய்ந்துகொண்டிருந்தது, ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அங்கேதான் தாங்கல். இடப்பக்கம் தலைவரின் மனைகள், வரிசையாக நட்ட கற்கள். நான் வண்டித் தடம் என்று நினைத்திருந்த கோடு மலையடிவாரத்திலிருந்து அந்த மனைகளின் வழியே இறங்கிச் சாலைக்கு வந்தது. அந்த இடத்தில் சாலைக்கடியில் ஒரு சின்னப் பாலம். குனிந்து பார்த்தேன். உள்ளே மண் அடைத்திருந்தது. வண்டித் தடத்துக்கு எதற்குப் பாலம்? அது வரத்துக் கால்வாய். மலைத் தண்ணீரைத் தாங்கலுக்குக் கொண்டுவந்த வழி. திருப்பிப் போட்ட படம் ஒரு பக்கத்துக்கு மட்டும் சாதகமாகப் பேசியது. நேரான படமோ இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டது.

அங்கிருந்து லாட்ஜுக்குப் போனேன். யாருக்கும் முன்னால் கௌரிக்கு என் வாயால் தெரியவேண்டும். இதை மட்டும் மறக்காதீர்கள்: உங்கள் திருத்தம் யார் தலையில் விழுமோ, அவரிடம் முதலில் போங்கள். நேரில் போங்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கேட்டாள். நான் குடத்தைக் காட்டினேன், முந்தானையைக் காட்டினேன், தகட்டைக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு அடங்கிய குரலில் கேட்டாள்.

"காலைல அவரு வந்து பேசினாராமே. எவ்ளோ குடுத்தாரு மேடம்?"

தகட்டின் படத்தை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் பார்க்கவில்லை.

"நீங்க சொல்லலைன்னா யாருக்குத் தெரியும்? ஊர்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சிதா? சாமி மாதிரி ஒரு படம் வந்துதுன்னு எங்க தெருவுல எல்லாருக்கும் ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன். இப்ப நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போவேன்?"

அறை கேட்டு யாரோ வந்தார்கள். அவள் அவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்து, "வாங்க சார்" என்றாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை நேரான படத்தை அச்சிட்டுப் பழைய படத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தினேன். பழையதை எடுக்கவில்லை. நடந்த தவற்றைச் சொல்லி, 'இடப்பக்கம் வரத்துக் கால்வாய், வலப்பக்கம் தாங்கல்' என்று இரண்டுக்கும் நடுவில் எழுதி ஒட்டினேன். தலைவர் வாயெல்லாம் பல்லாக வந்தார். பாதி படித்ததும் பல் உள்ளே போயிற்று.

"மேடம், தாங்கல் வலப்பக்கம்னு மட்டும் இருந்தா போதும். கால்வாய் எதுக்கு? ஒரு கோடுதானே, யாரு பார்க்கப்போறா?"

"நேத்து நானும் யாரும் பார்க்கமாட்டாங்கன்னுதான் இருந்தேன்" என்றேன்.

அன்று மதியமே மண்டபத்தில் அவசரமாக ஒரு கல்யாணம் முளைத்துவிட்டது. மாப்பிள்ளை யார், பெண் யார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. படங்களைச் சுருட்டிக்கொண்டு நான் கிளம்பினேன்.

திங்கட்கிழமை விசாரணைக்குத் தகட்டின் பிரதியோடு நானே போனேன். தாங்கலையும் சொன்னேன், கால்வாயையும் சொன்னேன். கௌரி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

முடிவு பிறகு வந்தது. கால்வாய் அகலத்துக்குத் தலைவரின் மனைகளில் ஒரு கீற்று போயிற்று. கௌரியின் தெரு முழுவதும் போயிற்று. ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் அவர்களுக்கு வீடு கொடுத்தார்கள். அடுத்த மழைக்குப் பாலத்தின் அடியில் தண்ணீர் ஓடியது என்று கேள்விப்பட்டேன், போய்ப் பார்க்கவில்லை. நான் சொன்னது உண்மை. அந்த உண்மை அவருக்கு ஒரு கீற்றாகவும் அவளுக்கு முழு வீடாகவும் விழுந்ததை என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், அவர் உண்மைக்குப் பக்கத்து வீட்டில்கூடக் குடியிருந்ததில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் அரிக்கிறது. கையெழுத்துக் கேட்டதால் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தேன். யாரும் கையெழுத்துக் கேட்காத எத்தனையோ படங்கள் என் கையைத் தாண்டிப் போயிருக்கின்றன. அதனால்தான் பல் டாக்டரின் வரவேற்பறையிலும் நடக்கிறேன்.

அடுத்த தீபத்துக்கு மலைக்கு வந்தபோது அந்த லாட்ஜ் வழியாகப் போனேன். போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். கௌரி அங்கேதான் இருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். "டீ சொல்லட்டுமா மேடம்?" என்றாள். பிறகு, "அந்தப் படம் ஒண்ணு வேணும். புது வீட்டுல மாட்டணும்" என்றாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓடிப்போய்ப் பக்கத்து ஸ்டுடியோவில் அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தேன். வாங்கிப் பார்த்தவள் திருப்பி நீட்டினாள்.

"இது இல்ல மேடம். மொதல்ல வாசல்ல வெச்சிருந்தீங்களே, அது."

"அது தப்புப் படம்மா."

"தெரியும். அதுலதான் எங்க தெரு காஞ்ச தரையா இருக்குது."

மறுபடி ஸ்டுடியோவுக்குப் போனேன். என் வாழ்நாளில் தெரிந்தே தப்பாக அச்சிட்ட ஒரே படம் அது. கொண்டுவந்து மேசையில் வைத்து, பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்துச் சட்டத்தின் கீழ் ஓரத்தில் 'இடம் வலம் மாறி அச்சானது' என்று எழுதக் குனிந்தேன். கௌரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்னாடி எழுதிக்குங்க மேடம். முன்னாடி வேணாம்."

படத்தைத் திருப்பி வைத்து எழுதினேன். நான் எழுதி முடிக்கும்வரை அவள் சட்டத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.